திறப்பு விழாவும் மராமத்தும்

ஓர் ஊரில் புதிய பொதுக்கட்டடம் ஒன்று எழுந்தால் அவ்வூர் முழுவதும் மகிழ்கிறது. பள்ளி வகுப்பறையோ நூலகமோ நியாய விலைக் கடையோ சமுதாயக் கூடமோ எதுவாயினும், அடிக்கல் நாட்டு விழா ஒருநாள், திறப்பு விழா மற்றொருநாள் என இரண்டு விழாக்கள் அதற்கு உண்டு. இரண்டு விழாக்களுக்கும் கல்வெட்டு உண்டு. அடிக்கல் நாட்டியவர் யார், தலைமை தாங்கியவர் யார், முன்னிலை வகித்தவர் யார் என்பனவெல்லாம் பளிங்கில் பொறிக்கப்படுகின்றன. ஆனால் அக்கட்டடத்தின் கூரையில் நீர் கசிந்தால் யாரிடம் சொல்லவேண்டும், அதன் சுவரை ஆண்டுதோறும் பார்வையிட வேண்டியவர் யார், அதன் பழுது நீக்கத்திற்குரிய பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பனவற்றை எந்தக் கல்வெட்டிலும் நாம் கண்டதில்லை.

கட்டுவது ஓராண்டுப் பணி. காப்பது ஐம்பதாண்டுப் பணி. ஓராண்டுப் பணிக்கு விழா எடுக்கும் நாம் ஐம்பதாண்டுப் பணிக்கு ஆள் குறிக்கவில்லை. பொதுக்கட்டடங்கள் பற்றி இன்று எழும் துயரங்களுள் பெரும்பாலானவற்றுக்கு இக்குறையே வேர் என்பது நம் கருத்து. இக்குறையை நீக்கும் பொறுப்பும் ஆற்றலும் கட்டடத்திற்கு அண்மையில் இருக்கும் உள்ளாட்சிக்கும் அதனைத் தேர்ந்தெடுக்கும் ஊர் மக்களுக்குமே உரியன என்பதை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விழைகிறோம்.

சொற்கள் சொல்லும் செய்தி

தமிழ்த்துறையின் மலராதலின் சொல்லிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும். இன்று பொதுப்பணித்துறை என்று நாம் வழங்கும் துறையை நம் பாட்டனார் 'மராமத்து இலாகா' என்றே வழங்கினர். மராமத்து என்பது அரபு மொழியிலிருந்து உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். அதன் பொருள் பழுது பார்த்தல் என்பதே. கட்டுதல் என்னும் பொருள் அதற்கு முதன்மையாக இல்லை. ஏரிக்கரையையும் வாய்க்காலையும் ஊரார் கூடிச் செப்பனிடுவதைக் 'குடிமராமத்து' என்றனர். அரசு கட்டலாம், பழுது பார்ப்பதில் குடிகளுக்கும் பங்குண்டு என்னும் எண்ணம் அச்சொல்லுக்குள் உறைந்து கிடக்கிறது. பெயர் மாறியதில் தவறில்லை. நல்ல தமிழ்ப் பெயர்தான் வந்தது. ஆனால் பழைய பெயரோடு அது உணர்த்திய பொருளும் நம் நினைவிலிருந்து நீங்கிவிட்டதே என்பதுதான் நம் கவலை.

'அமானி' என்பது மற்றொரு சொல். குத்தகைக்கோ ஒப்பந்தத்திற்கோ விடாமல் அரசு தன் நேர்ப்பொறுப்பில் வைத்துக்கொள்வதை வருவாய்த் துறையினரும் மராமத்துத் துறையினரும் அமானி என்றனர். நம் இல்லங்களில் வழங்கும் 'அமானிதம்' என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள் அமானிதம்; அது கெடாமல் திருப்பித் தரப்படவேண்டும். பொதுக்கட்டடம் எவருடையது என்று கேட்டால் 'அரசாங்கத்தினுடையது' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஊரார் அனைவரும் ஒப்படைத்த அமானிதம்.

இவை வந்த சொற்கள் எனின், நம் கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' என்றொரு தூய தமிழ்ச் சொல் உண்டு. கோயில் முதலியவற்றைப் புதுக்குவதற்கென்று, அதாவது பழுது நீக்குவதற்கென்று, தனியே விடப்பட்ட நிலம் அது. ஏரியைப் பேணுவதற்கென்று விட்ட நிலம் 'ஏரிப்பட்டி' எனப்பட்டது. வக்ஃபு சொத்தின் வருவாயில் முதற்செலவு அச்சொத்தின் பழுது நீக்கமாகவே இருக்கவேண்டும் என்பது ஹனபி சட்ட அறிஞர்களின் பழைய முடிவு. சமயமும் மொழியும் வேறாயினும் எண்ணம் ஒன்றே. கட்டும்போதே காப்பதற்கும் வழி செய்துவிடவேண்டும் என்பதே அது.

துயரங்கள் கற்பிப்பவை

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரே வளாகத்தில் நடைபெற்ற பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். கீற்றுக் கூரையும் குறுகலான வழியும் இட நெருக்கடியும் அத்துணை உயிர்களைக் கொண்டு சென்றன. அதன்பின் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பள்ளிகளின் கீற்றுக் கூரைகளை அகற்ற ஆணை பிறந்தது. ஆயினும் பள்ளி முதலிய கட்டடங்கள் உரிமம் பெற்றே இயங்கவேண்டும் என்னும் சட்டம் நம் மாநிலத்தில் 1965-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஏறத்தாழ 40 ஆண்டுகளாகச் சட்டம் இருந்தது, கூரையும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் உயிரிழந்தனர். அதற்குப் பின்னரே மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து பழுதானவற்றை இடிக்கும் பணி விரைந்தது. 2025 ஜூலை 25 அன்று இராசத்தான் மாநிலத்து ஜாலாவார் மாவட்டத்தில் பிப்லோதி என்னும் சிற்றூரின் அரசுப் பள்ளிக் கூரை இடிந்து 7 குழந்தைகள் மாண்டனர். அங்கும் அதன் பின்னரே மாநிலமெங்கும் ஆய்வு. மாநிலம் வேறு, மொழி வேறு. ஆனால் முறை ஒன்றே. முதலில் மரணம், பிறகு ஆய்வு.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றையும் சுட்டுதல் வேண்டும். 2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடித் தொகுதி ஒன்று சரிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சுவரில் விரிசல் விட்டதைக் குடியிருந்தோர் கண்டனர். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு கட்டடத்தை விட்டு வெளியேறினர். பிறகே அது விழுந்தது. பல தலங்களிலும் பொறியாளர்கள் கருவிகொண்டு செய்திருக்கவேண்டிய பணியை இங்குக் குடியிருந்தோரின் கண்கள் செய்தன. கட்டடத்தை நாள்தோறும் பார்ப்பவர் எவரோ அவரே அதன் முதற் கண்காணிப்பாளர் என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி நிறுவுகிறது. அவர் கண்டதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் அலுவலகமும், எழுதியதன்மேல் நடவடிக்கை எடுக்க ஓர் அதிகாரமும் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

கட்டடம் நோயுறும் விதம்

கட்டடம் திடுமென விழுவதில்லை. மனிதனைப் போலவே அதுவும் நோயுற்று, அறிகுறிகள் காட்டி, கவனிப்பாரின்றி வீழ்கிறது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைச் சிமெண்டுதான் துருவிலிருந்து காக்கிறது. மொட்டைமாடியில் நீர் தேங்கினால் அந்நீர் மெல்ல உள்ளிறங்கிக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பருமனானது. அது பருக்கப் பருக்கக் கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளுகிறது. வகுப்பறையின் மேற்கூரையிலிருந்து பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது என்று நாளிதழில் படிக்கிறோமே, அது பல ஆண்டுகளுக்கு முன் அடைபட்ட ஒரு மழைநீர்க் குழாயின் விளைவாக இருக்கலாம். அக்குழாயில் அடைத்த இலைகளை ஒரு துப்புரவுப் பணியாளர் அரைமணி நேரத்தில் நீக்கியிருக்க முடியும். கைப்பிடிச் சுவரின் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றும் அத்தகையதே. விரல் நீளம் இருக்கும்போது பிடுங்கினால் வேலை முடிந்தது. வேர் சுவருக்குள் இறங்கிய பின் சுவரையே இடிக்கவேண்டி வரும்.

கட்டும்போதே புகும் நோய்களும் உண்டு. கலவை எளிதாக ஓடவேண்டும் என்று தண்ணீரை மிகுதியாக ஊற்றுவது, கம்பிக்கும் பலகைக்கும் இடையே கவர் பிளாக் வைக்காமல் விடுவது, கான்கிரீட் போட்டபின் போதிய நாள் தண்ணீர் விட்டு ஆற்றாமல் விடுவது ஆகியன அவற்றுள் சில. குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டாயின் 10 நாளும் ஈரம் காயாமல் காக்கவேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. கலவையிலிருந்து கனசதுரக் கட்டிகள் வார்த்து 28-ஆம் நாள் அவற்றின் வலிமையைச் சோதித்து எழுதவும் வேண்டும். தண்ணீர் விடுகிறார்களா என்று பார்ப்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. எதிர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவரே பார்க்கலாம். அவர் பார்த்துச் சொன்னால் 'உங்களுக்கு என்ன தெரியும்?' என்று கேட்காத நிலை வேண்டும்.

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பில் கேசவ பிள்ளை பூங்காப் பகுதியில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவர்ப் பூச்சு கைபட்டாலே உதிர்ந்ததை நாடே கண்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வல்லுநர்கள் ஆய்ந்து குறைகளைச் சுட்டினர். பொறியாளர்கள் மீது நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. ஆனால் அப்பூச்சு பூசப்பட்ட நாள்களில் அங்கே குடிவரவிருந்த ஏழை மக்களுள் ஒருவரையேனும் உள்ளே அழைத்துக் காட்டியிருந்தால், அவர்தம் விரல் நுனியே அன்று ஆய்வுக்கூடமாகியிருக்கும்.

பொறுப்பு யாருக்கு?

அரசியலமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்கள் 1993-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களைப் பதினோராம் அட்டவணை வகுத்துரைக்கிறது. அவற்றுள் இறுதியானது சமுதாயச் சொத்துகளைப் பேணுதல். நகராட்சிகளுக்குரிய 18 பொருள்களைப் பன்னிரண்டாம் அட்டவணை கூறுகிறது. அவற்றுள் இரண்டாவது, நிலப் பயன்பாட்டையும் கட்டடங்கள் கட்டுவதையும் ஒழுங்குபடுத்துதல். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. எனவே சட்டத்தின் நோக்கில் உள்ளாட்சி அயலார் அன்று, வீட்டுக்குரியவரே.

நடைமுறை வேறாக இருக்கிறது. ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். பள்ளி நடத்துவது கல்வித்துறை, கட்டடம் ஒன்றியத்தினுடையது. கூடுதல் வகுப்பறை நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி வளர்ச்சி நிதியில் வந்திருக்கும். சத்துணவுக் கூடம் ஒரு திட்டத்தில், கழிப்பறை வேறொரு திட்டத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்தக்காரர் வேறு, அளவுப் புத்தகம் வேறு. ஒரே வளாகத்திற்குள் நான்கு கட்டடம், நான்கு கணக்கு. தலைமையாசிரியர் கூரை ஒழுகுகிறது என்று கடிதம் எழுதினால் அக்கடிதம் எந்த அலுவலகத்தில் தங்கும் என்பது அவருக்கே தெரியாது. 1993-இல் தொடங்கிய தொகுதி வளர்ச்சி நிதியிலிருந்து பராமரிப்புப் பணிகளுக்குச் செலவிட நெடுங்காலம் இடமே இருக்கவில்லை. கட்டப் பணம் உண்டு, காக்கப் பணம் இல்லை என்னும் போக்கிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உள்ளாட்சி என்னும் அமைப்பே இல்லாமற்போன ஆண்டுகளும் நம் மாநிலத்தில் உண்டு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், ஊரகப் பகுதிகளுள் பெரும்பாலானவற்றுக்கு 2019 டிசம்பரிலும், நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரியிலுமே தேர்தல் நடந்தது. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக அமைப்புகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தனி அலுவலர் திறமையற்றவர் என்று நாம் சொல்லவில்லை. அவர் பல ஊராட்சிகளைப் பார்க்கவேண்டியவர். நாளை மாற்றலாகிச் செல்பவர். வார்டு உறுப்பினரோ அதே தெருவில் வாழ்பவர். அதே பள்ளிக்குத் தம் பேரக்குழந்தையை அனுப்புபவர். கூரை விழுமோ என்னும் அச்சம் அவருக்கு வீட்டுச் செய்தி.

உத்தரமேரூர் உணர்த்துவது

உள்ளாட்சி என்றதும் உத்தரமேரூரைப் பேசாத தமிழறிஞர் இலர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகளில் குடவோலை முறையைப் பாராட்டி நாம் மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் குடவோலையைவிடச் சிறந்த செய்தி ஒன்று அங்கே உள்ளது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்திற்கு வர இயலாது. அவர் மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரும் வர இயலாது. பதவிக்காலம் 360 நாள். ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்தது. அதில் 6 பேர் பணியாற்றினர். பொதுச்சொத்தைப் பேணுவதற்குத் தனிக்குழு, குறித்த காலம், கணக்கொப்புவித்தல், உறவினர் விலக்கு ஆகிய நான்கும் பொருந்திய முறை அது.

அதைப் பொற்காலமாகக் காட்டுவதும் நம் நோக்கமன்று. அது அந்தணர் சபை. சொந்த நிலமும் வீடும் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. உழுதவனும் மண் சுமந்தவளும் அதில் இல்லை. இன்றைய உள்ளாட்சியில் அவர்களுக்கு இடம் உண்டு. தமிழகத்தில் பெண்களுக்குச் சரிபாதி இடம் சட்டத்தால் உறுதி செய்யப்பட்டுள்ளது. ஆட்சியில் பங்கு விரிந்திருக்கிறது. கணக்கின் கடுமைதான் தளர்ந்திருக்கிறது. இரண்டையும் ஒருங்கே பெறுவதே நம் காலத்தின் கடமை.

எழக்கூடிய தடைகள்

உள்ளாட்சியிடம் மேற்பார்வையை ஒப்படைத்தால் ஊழல் பெருகாதா என்று கேட்பார் உளர். ஒப்பந்தக்காரரே தலைவரின் மைத்துனராகவோ மருமகனாகவோ இருக்கும் ஊர்களை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அவ்வினா நேர்மையானது; மறுப்பதற்கில்லை. ஆனால் மேலிடத்து மேற்பார்வையில் ஊழல் இல்லையா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொலைவில் நடக்கும் ஊழலை நாம் செய்தித்தாளில் படிக்கிறோம். ஊரில் நடக்கும் ஊழலை நாம் கண்ணால் காண்கிறோம். கிராம சபையில் எழுந்து கேட்கவும் கேட்கலாம். ஒளிவதற்கு இடம் குறைந்த இடத்தில் வைப்பதே திருட்டுக்கு மருந்து. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் நம் கைக்கு எட்டும் கருவிகள். மதிப்பீட்டின் படியையும் அளவுப் புத்தகத்தின் படியையும் கேட்டுப் பெற ஒரு சாதாரணக் குடிமகனுக்கு உரிமை உண்டு.

பொதுமக்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாதே என்பது இரண்டாம் தடை. தூணுக்கு எத்தனைக் கம்பி என்று அவர்கள் கணக்கிட வேண்டியதில்லை. அது பொறியாளர் பணி. பொறியாளர் வந்தாரா, வந்த நாள் பதிவாயிற்றா, சொன்ன குறை நீங்கியதா என்பனவற்றைக் கேட்பதற்குத் தொழில்நுட்பம் தேவையில்லை, துணிவு தேவை.

பணம் எங்கே என்பது மூன்றாம் தடை. ஒழுகும் கூரையைச் செப்பனிடும் செலவையும் இடிந்த கட்டடத்தை மீண்டும் எழுப்பும் செலவையும் ஒப்பிட்டால் விடை தானே விளங்கும். இடிபாட்டுக்குப்பின் வழங்கப்படும் இழப்பீட்டையும் அத்துடன் சேர்த்துக்கொள்க. போன உயிருக்குக் கணக்கே இல்லை.

செய்யத்தக்கவை

நாம் முன்வைப்பன நான்கே. பெருந்திட்டம் எதுவும் இல்லை. புதுச் சட்டமும் வேண்டுவதில்லை.

முதலாவது, ஒவ்வோர் ஊராட்சியும் நகராட்சி வார்டும் தன் எல்லைக்குள் உள்ள பொதுக்கட்டடங்கள் அனைத்துக்கும் ஒரே பதிவேடு வைத்தல் வேண்டும். எந்தத் துறை கட்டியதாயினும் அதில் இடம்பெறவேண்டும். கட்டிய ஆண்டு, ஒப்பந்தக்காரர், பொறுப்பேற்ற பொறியாளர், கடைசியாகப் பார்வையிட்ட நாள், கண்ட குறை, நீக்கிய நாள் ஆகியன அதில் எழுதப்படவேண்டும். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியும் பேருந்து நிழற்குடையும்கூட அதில் விடுபடலாகாது.

இரண்டாவது, அப்பதிவேடு ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிராம சபையில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடும் வழக்கம் 2022 முதல் ஏற்பட்டது. மழைக்காலத்திற்கு முன்வரும் ஆகஸ்டு 15-ஆம் நாள் கூட்டம் இதற்கு மிகவும் ஏற்றது. நகரங்களில் வார்டுக்குழுவும் பகுதி சபையும் இப்பணியை மேற்கொள்ளலாம்.

மூன்றாவது, புதுக்குப்புறம் மீண்டும் வரவேண்டும். எந்தப் பொதுக்கட்டடத்திற்கு மதிப்பீடு போட்டாலும் அதிலேயே பராமரிப்புக்கு ஒரு பங்கை ஒதுக்கித் தனிக் கணக்கில் வைக்கவேண்டும். அதனை வேறு செலவுக்கு எடுக்கலாகாது. பராமரிப்புக்கு வழி சொல்லாத கட்டடத்திற்குத் தீர்மானம் நிறைவேற்ற மாட்டோம் என்று ஒரு மன்றம் துணிந்தால் மற்ற மன்றங்கள் பின்பற்றும்.

நான்காவது, திறப்பு விழாக் கல்வெட்டின் கீழே இன்னும் இரண்டு வரி பொறிக்கவேண்டும். பழுது பார்க்கும் பொறுப்பு எந்த அலுவலகத்திற்கு உரியது, அடுத்த ஆய்வு எந்த ஆண்டில் என்பன அவ்விரண்டு வரிகள்.

மாணவர்க்கும் பெரியோர்க்கும்

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்குச் செல்லும் நம் மாணவர்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு வெள்ளையடிக்கின்றனர். நல்ல பணி; வாழ்த்துகிறோம். ஆனால் விரிசலின் மேல் வெள்ளையடித்தால் விரிசல் மறையுமே தவிர மாறாது. மட்டையைக் கையில் எடுப்பதற்குமுன் ஒரு குறிப்பேட்டைக் கையில் எடுங்கள். எந்தச் சுவரில் விரிசல், எந்தக் கூரையில் கசிவு, எந்தக் குழாயில் அடைப்பு என்று எழுதி, நாளிட்டு, ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். விரிசலின் இரு கரையையும் சேர்த்து ஒரு கோடிட்டு அதனருகே நாளைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு செல்லும் மாணவர் அக்கோடு விலகியிருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒரு கல்லூரி பத்தாண்டு இவ்வாறு செய்தால் அவ்வட்டாரத்துக் கட்டடங்களின் வரலாறே அதன் கையில் இருக்கும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு சொல். பள்ளிக்கூடம், மதரசா, மாணவர் விடுதி, திருமண மண்டபம், நூலகம் எனப் பல கட்டடங்களை நீங்கள் எழுப்பியிருக்கிறீர்கள். ஊர் நன்மைக்காகக் கைப்பொருளை வாரி வழங்கியிருக்கிறீர்கள். இனி நன்கொடைப் பட்டியலில் கட்டட நிதிக்குப் பக்கத்தில் மராமத்து நிதி என்று ஒரு வரியைச் சேருங்கள். புதுக் கட்டடத்திற்குக் கொடுப்பவர் பெயர் கல்லில் நிற்கும். பழுது நீக்கக் கொடுப்பவர் பெயர் எங்கும் நிற்பதில்லை. ஆயினும் அவர் கொடுத்த பணத்தின் கீழேதான் குழந்தைகள் அச்சமின்றி அமர்ந்து படிக்கிறார்கள். உள்ளாட்சியிடம் கணக்குக் கேட்கும் தகுதியும் தம் நிறுவனத்தின் கணக்கைத் திறந்து வைத்திருப்பவர்க்கே முழுமையாக வாய்க்கும்.

ஒரு நாட்டின் பெருமையை அது எழுப்பிய கோபுரங்களாலும் மாளிகைகளாலும் அளப்பது வழக்கம். அந்த அளவுகோலை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது. சிற்றூர்த் தொடக்கப் பள்ளியின் கூரையை அண்ணாந்து பார்த்தால் போதும். அதில் கசிவில்லையென்றால் அவ்வூரில் ஆட்சி இருக்கிறது. கசிவிருந்து, அது பதிவேட்டில் ஏறியிருந்தால் ஆட்சி விழித்திருக்கிறது. கசிவும் இருந்து, பதிவும் இன்றி, அதன்கீழே குழந்தைகளும் அமர்ந்திருந்தால் அடுத்த கிராம சபையில் முதற் குரல் எழுப்பவேண்டியவர் நாமே.